சின்னக் குழந்தையும் செல்லப்பிராணியும்: பெற்றோர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

நாயோ பூனையோ இருக்கும் வீட்டில் ஒரு குழந்தையும் தவழ ஆரம்பித்துவிட்டால் பெற்றோரின் கண் நாலு பக்கமும் சுழல வேண்டியிருக்கும். அந்த நேரத்தில் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளை மனதில் வைத்து எழுதிய பதில்கள் இவை. நாய், பூனை பற்றித்தான் அதிகம். முயல், பறவை, மீன் வளர்ப்பவர்களுக்கும் ஒரு பதில் உண்டு.

ஒன்றரை வயதுக் குழந்தை பூனையின் ரோமத்தைப் பிடித்து இழுக்கிறது. வேண்டுமென்றே செய்கிறதா?

இல்லை. அந்த வயதில் பிடிப்பது சுலபம், விடுவதுதான் கஷ்டம். பிறந்த குழந்தையின் உள்ளங்கையில் நம் விரலை வைத்தால் கெட்டியாகப் பற்றிக்கொள்கிறதே, அது அனிச்சைச் செயல். ஆறு மாதத்துக்குள் மறைந்துவிடும். அப்புறம்தான் விரும்பிப் பிடிக்கும் பழக்கம் வருகிறது. பிடித்ததை நினைத்தபோது விடுகிற திறமை ஒரு வயதை ஒட்டித்தான் மெல்லக் கைகூடும். குஷியிலோ கோபத்திலோ இருந்தால் அதுவும் மறந்துபோகும். பூனை கத்தித் திமிறினால் குழந்தைக்கு வேடிக்கையாக இருக்கும். அமுக்கினால் சத்தம் போடும் பொம்மை மாதிரி. பிடி இன்னும் இறுகும்.

அந்த நேரத்தில் குழந்தையின் கையை வெடுக்கென்று இழுக்காதீர்கள். கையோடு ரோமமும் வரும், பூனை பிறாண்டும். முதலில் குழந்தையின் கையைப் பூனையின் உடம்போடு சேர்த்தே பிடித்துக்கொள்ளுங்கள், ரோமம் இழுபடாது. பிறகு குழந்தையின் மணிக்கட்டை உள்பக்கமாக லேசாக மடக்கினால் விரல்கள் தாமாகவே தளரும். சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொன்றாகப் பிரித்துவிடலாம். கூச்சல் போட்டால் பூனையும் மிரளும், குழந்தையும் மிரளும்.

எந்த வயதில் சொன்னால் புரியும்?

புரிவது வேறு, கையை அடக்குவது வேறு. இரண்டு வயதுக் குழந்தை “நாயை அடிக்கக் கூடாது” என்று மழலையில் ஒப்பிக்கும். அடுத்த நொடியே ஒரு அடி வைக்கும். இதில் பொய்யோ திமிரோ இல்லை. கையை நிறுத்தும் சக்தி மூளையில் இன்னும் வளரவில்லை, அவ்வளவுதான்.

யாராவது அழுதால் போய்த் தட்டிக்கொடுக்கும் குணம் இரண்டு வயதிலேயே தெரியும். ஆனால் ‘எனக்கு ஜாலியாக இருப்பது அதற்கு வலிக்கும்’ என்று இன்னொரு உயிரின் இடத்தில் நின்று யோசிப்பது நாலு, ஐந்து வயதில்தான் சற்று உறுதியாக வருகிறது. அதுவரை வேலி நீங்கள்தான். மூன்று வயதில் சின்னச் சின்ன விதிகளை, பக்கத்தில் நின்று ஞாபகப்படுத்தினால், பின்பற்றும். பள்ளி போகிற வயதில் நன்றாகவே தேறிவிடும், ஆனாலும் கூட்டாளிகளோடு சேர்ந்தால் காற்றில் பறந்துவிடும்.

‘மெதுவா, மெதுவா’ என்று நாள் முழுக்கச் சொல்கிறேன். கேட்பதாக இல்லையே?

அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று குழந்தையின் கைக்குத் தெரியாது. மெதுவாகக் கையைக் கொண்டுபோய், மெதுவாகக் கண்ணில் குத்தும் குழந்தைகள் உண்டு. சொல்வதை நிறுத்திவிட்டுக் கையைப் பிடித்துக் காட்டுங்கள்.

முதல் பாடம் நாயிடம் வேண்டாம். குழந்தையின் முழங்கையிலிருந்து மணிக்கட்டு வரை உங்கள் விரித்த உள்ளங்கையால் தடவுங்கள். ‘இப்படி’ என்று சொல்லுங்கள். அடுத்து, குழந்தை உங்கள் கையை அப்படியே தடவட்டும். அழுத்தினால் ‘ஆ, வலிக்குது’ என்று முகத்தைச் சுளியுங்கள், நாடகமாக வேண்டாம். பிறகு ஒரு துணிப் பொம்மை. இது பழகிய பின்தான் உண்மையான நாய். அப்போதும் முதலில் நாயின் மேல் உங்கள் கை, அதன் மேல் குழந்தையின் கை. சில நாள் கழித்து இடம் மாற்றிக்கொள்ளலாம்: குழந்தையின் கை கீழே, உங்கள் கை மேலே. விரல் மடங்கத் தொடங்கினால் உங்களுக்கு உடனே தெரிந்துவிடும்.

ஒரே கை, விரித்த உள்ளங்கை, ரோமம் படிந்திருக்கும் திசை. இந்த மூன்றையும்தான் திரும்பத் திரும்பச் சொல்ல வேண்டும். ‘இழுக்காதே, குத்தாதே’ என்றால் செய்யக் கூடாதது தெரிகிறது, செய்ய வேண்டியது தெரிவதில்லை. ‘கையை விரி கண்ணு’ என்று சொல்லிப் பாருங்கள், வித்தியாசம் தெரியும். நன்றாகச் செய்தால் ‘குட் பாய்’ என்று பொதுவாகச் சொல்லாமல் ‘எவ்வளவு பூப்போல தடவினே, பாரு, அது எழுந்து போகாம உன் பக்கத்திலேயே படுத்திருக்கு’ என்று விலங்கின் பக்கம் கண்ணைத் திருப்புங்கள்.

உடம்பில் எங்கே தொடலாம்? எவ்வளவு நேரம்?

நாய்க்கு நெஞ்சுப் பகுதி, தோள், விலா. பூனைக்குக் கன்னம், தாடைக்குக் கீழ், காதின் அடிப்பகுதி. வால், பாதம், வயிறு, முகம் ஆகியவை குழந்தைகளுக்கு வேண்டாம். உச்சந்தலையில் மேலிருந்து தட்டுவதும் நாய்க்குப் பிடிக்காது. தலைக்கு மேலே ஒரு கை இறங்கி வருவது அதற்கு மிரட்டல். பூனை மல்லாந்து வயிற்றைக் காட்டினால், ‘உன்னை நம்புகிறேன்’ என்று பொருள் கொள்ளலாம். வயிற்றைத் தொடலாம் என்று எடுத்துக்கொண்டால் நாலு காலும் பல்லும் சேர்ந்து பதில் சொல்லும்.

நேரத்துக்கு ஒரு சுலப வழி இருக்கிறது. குழந்தையோடு சேர்ந்து சத்தமாக எண்ணுங்கள்: ஒண்ணு, ரெண்டு, மூணு, கை எடு. கையை மடியில் வைத்துக்கொண்டு விலங்கு என்ன செய்கிறது என்று பாருங்கள். மூக்கால் இடித்தால், சாய்ந்தால், தலையைத் தேய்த்தால் இன்னும் மூன்று எண்ணலாம். அப்படியே கிடந்தால், முகத்தைத் திருப்பினால், நகர்ந்தால் போதும் என்று அர்த்தம். என்னைக் கேட்டால், இந்த ஒரு விளையாட்டை மட்டும் பழக்கினால்கூடப் பாதி வேலை முடிந்த மாதிரி. ‘அதைக் கேட்டுவிட்டுத் தொடு’ என்ற பெரிய விஷயம் குழந்தைக்கு எண்ணிக்கையாகக் கையில் கிடைக்கிறது.

கட்டிப்பிடிப்பதும் முத்தம் கொடுப்பதும் அன்புதானே?

நமக்கு அன்பு, நாய்க்குச் சிறை. கழுத்தைச் சுற்றி இரண்டு கை இறுகினால் விலகிப் போக வழியில்லை. அதோடு குழந்தையின் முகம் நாயின் வாய்க்கு நேராக வருகிறது. சின்னக் குழந்தைகளுக்கு நாய்க்கடி பெரும்பாலும் முகம், தலை, கழுத்துப் பகுதியில்தான் படுகிறது. பெரியவர்களுக்குக் கையிலும் காலிலும். அதுவும் தெருவில் போகும் முகம் தெரியாத நாயைவிட, நன்கு பழகிய நாயிடம் வீட்டுக்குள்ளேயே கடிபடும் சின்னக் குழந்தைகள்தான் அதிகம்.

குழந்தைக்கு அன்பைக் காட்ட வேறு வழி கொடுங்கள். பறக்கும் முத்தம் கொடுக்கலாம். பக்கத்தில் உட்கார்ந்து கதை சொல்லலாம். படம் எடுக்க அழகாக இருக்கும் என்பதற்காக நாயின் கழுத்தில் குழந்தையைத் தொங்கவிடும் பழக்கம் நம் பெரியவர்களுடையது, முதலில் அதை விட வேண்டும்.

எங்கள் நாய் ரொம்ப சாது. குழந்தை மேலே ஏறி உட்கார்ந்தாலும் ஒன்றும் செய்யாது. அப்புறம் என்ன கவலை?

கடிக்கும் முன் நாய் பேசாமல் இருப்பதில்லை. நமக்குத்தான் அந்தப் பாஷை தெரிவதில்லை.

குழந்தை நாயின் முதுகில் சாய்ந்துகொண்டு காதைத் திருகுகிறது என்று வைத்துக்கொள்வோம். நாய் முதலில் முகத்தை வேறு பக்கம் திருப்பும். பக்கத்தில் சாப்பாடே இல்லாமல் உதட்டை ஒரு முறை நக்கும். தூக்கம் வராமலே கொட்டாவி விடும். காதுகள் பின்னால் படியும். தலையை அசைக்காமல் கண்ணை மட்டும் ஓரத்துக்கு ஓட்டும், அப்போது விழியின் வெள்ளை பளிச்சென்று தெரியும். எழுந்து நகரப் பார்க்கும். குழந்தை பின்னாலேயே போனால், சோபாவுக்கும் சுவருக்கும் இடையில் மாட்டிக்கொண்டால், வாயை மூடிக்கொண்டு உடம்பை விறைப்பாக்கி அசையாமல் நிற்கும். ‘பாருங்க, எவ்வளவு பொறுமை’ என்று நாம் ரசித்துக்கொண்டிருப்பது பெரும்பாலும் இந்தக் கட்டத்தைத்தான். இதற்கு அடுத்தது உறுமல், காற்றைக் கடிப்பது, கடைசியில் தோலைக் கடிப்பது. ‘திடீரென்று கடித்துவிட்டது’ என்று சொல்லப்படும் பல சம்பவங்களுக்கு முன்னால் இந்தப் படிகளில் சில நடந்து முடிந்திருக்கும்.

வால் ஆடுவதை வைத்தும் ஏமாற வேண்டாம். உடம்பெல்லாம் நெளிய, தளர்வாக ஆடுகிற வால் சந்தோஷம். உயர்த்திய வால் விறைப்பாக, சின்னச் சின்னதாக ஆடினால் நாய் பதற்றத்தில் இருக்கிறது.

குழந்தைகளுக்கு இதெல்லாம் தானாகத் தெரியாது. பல்லைக் காட்டி மிரட்டும் நாயின் முகத்தைச் சின்னக் குழந்தைகள் பலர் சிரித்த முகம் என்றே நினைப்பதாக, படங்களைக் காட்டி நடத்திய ஆய்வுகளில் தெரிந்திருக்கிறது. சிரிக்கிறது என்று நினைத்தால் குழந்தை என்ன செய்யும்? இன்னும் கிட்டே போகும்.

சாது மிரண்டால் காடு கொள்ளாது என்பது சும்மா சொன்னதல்ல. பொறுமையான நாய்க்கும் ஒரு எல்லை உண்டு. வயதாகி மூட்டு வலி வந்தாலோ, காதில் புண் இருந்தாலோ அந்த எல்லை சட்டென்று கிட்டே வந்துவிடும். நேற்றுவரை தாங்கியது இன்றும் தாங்கும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை.

குழந்தையைப் பார்த்து உறுமியது. நாயை அடித்துத் திருத்தலாமா?

வேண்டவே வேண்டாம். உறுமல் ஒரு எச்சரிக்கை மணி. அடித்தால் மணி நின்றுபோகும், காரணம் அப்படியே இருக்கும். அடுத்த முறை உறுமாமலே கடிக்கும்.

குழந்தையைப் பதற்றமில்லாமல் தூக்கிக்கொண்டு விலகுங்கள். அப்புறம் யோசியுங்கள்: தின்றுகொண்டிருந்ததா, தூங்கிக்கொண்டிருந்ததா, மூலையில் மாட்டிக்கொண்டதா, எங்காவது தொட்டால் வலிக்கிறதா? கால்நடை மருத்துவரிடம் காட்டி வலி, நோய் எதுவும் இல்லை என்று முதலில் உறுதிசெய்துகொள்ளுங்கள். அடிக்கடி உறுமினால், தண்டிக்காமல் பழக்கும் பயிற்சியாளரின் உதவி தேவை. அதுவரை இரண்டு பேரும் ஒரே தரையில் இருக்க வேண்டாம்.

பூனைக்கும் இதே அடையாளங்கள்தானா?

கொஞ்சம் வேறு. பூனை படுத்தபடி வாலின் நுனியைத் தரையில் ‘டப் டப்’ என்று அடித்தால் எரிச்சல் ஏறுகிறது. முதுகுத் தோல் சிலிர்த்து ஓடும், காதுகள் பக்கவாட்டில் திரும்பித் தட்டையாகும், கண்மணி பெரிதாகும். சீறல் இதற்கெல்லாம் பிறகு. நன்றாகத் தடவிக்கொண்டிருக்கும்போதே திடீரென்று கையைக் கவ்வும் பூனைகள் உண்டு. ‘போதும்’ என்று வாலில் சொன்னதை யாரும் கவனித்திருக்க மாட்டார்கள்.

தொடாமலே பூனையோடு பேச ஒரு வழி இருக்கிறது, குழந்தைகளுக்கு மிகவும் பிடிக்கும். சற்றுத் தள்ளி உட்கார்ந்து கண்ணைப் பாதி மூடி, மெல்ல இமைத்துக் காட்டச் சொல்லுங்கள். அப்படி இமைத்தால் பூனைகளும் பதிலுக்குக் கண்ணைச் சுருக்குகின்றன, இமைத்த ஆளிடம் நெருங்கி வரவும் செய்கின்றன என்று 2020ல் இங்கிலாந்தில் சசெக்ஸ், போர்ட்ஸ்மவுத் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினார்கள். முறைத்துப் பார்ப்பதற்கு நேர் எதிர் இது.

பக்கத்திலேயே இருந்து பார்த்துக்கொள்வது என்றால் எவ்வளவு பக்கம்?

கை எட்டும் தூரம். அதே அறையில் போனைப் பார்த்துக்கொண்டிருப்பது கணக்கில் சேராது. குழந்தை வாலைப் பிடிப்பதற்கும் நாய் திரும்புவதற்கும் இடையில் ஒரு நொடிகூட இருக்காது, சோபாவிலிருந்து எழுந்து வந்து தடுக்க முடியாது. குளிக்கப் போகிறீர்கள், அடுப்பில் வேலை இருக்கிறது, களைத்துப்போயிருக்கிறீர்கள் என்றால் தடுப்புக் கதவைப் போட்டுப் பிரித்து வைத்துவிடுங்கள். அது யாருக்கும் தண்டனை இல்லை.

விலங்குக்கென்று குழந்தை நுழையவே முடியாத ஓர் இடம் கட்டாயம் வேண்டும். பூனைக்கு உயரமான அலமாரித் தட்டு, நாய்க்குத் தடுப்புக்குப் பின்னால் அதன் படுக்கை. அங்கே போய்விட்டால் யாரும் கூப்பிடக்கூட வேண்டாம். மேசைக்கு அடியிலோ கட்டிலுக்கு அடியிலோ குழந்தை தவழ்ந்து போய் விலங்கைத் தேடுவதுதான் மிகவும் ஆபத்தானது. அங்கே இரண்டாவது வழி கிடையாது.

தின்னும்போது, தூங்கும்போது, குட்டி போட்டிருக்கும்போது, உடம்பு சரியில்லாதபோது கிட்டே போவதில்லை. இதற்கு விதிவிலக்கே வேண்டாம். தூங்கும் நாயிடம் வேலை இருந்தால் தள்ளி நின்று பெயர் சொல்லிக் கூப்பிடட்டும், அது எழுந்து வரட்டும்.

குழந்தை நாயை ஓங்கி அடித்துவிட்டது. குழந்தைக்கு ஒரு அடி போட்டால்தானே வலி புரியும்?

அடிக்கக் கூடாது என்பதை அடித்துச் சொல்லிக்கொடுத்தால் குழந்தை எதைக் கற்றுக்கொள்ளும்? பெரியவர் சிறியவரை அடிக்கலாம் என்பதைத்தான். வீட்டில் தன்னைவிடச் சிறியது அந்த நாய் மட்டும்தான்.

இருவரையும் பிரியுங்கள். ஒரே வாக்கியம் போதும்: “அடிச்சா அதுக்கு வலிக்கும். இப்ப அதைத் தனியா விட்டுடலாம்.” கொஞ்ச நேரம் கழித்து, தடவும் பயிற்சியை மீண்டும் உங்கள் கையிலிருந்தே தொடங்குங்கள். ‘போய் நாயைக் கட்டிப்பிடிச்சு சாரி சொல்லு’ என்று மட்டும் அனுப்பாதீர்கள். இப்போதுதான் அடிவாங்கிய விலங்கிடம் அடித்த குழந்தையை முகத்தோடு முகம் வைக்கச் சொல்வது அது. மன்னிப்புக் கேட்டே ஆக வேண்டுமென்றால் தண்ணீர்க் கிண்ணத்தை உங்களோடு சேர்ந்து நிரப்பி வைக்கட்டும்.

முயல், பறவை, மீன் மாதிரி சின்னப் பிராணிகள் குழந்தைக்குப் பாதுகாப்புதானே?

குழந்தைக்கு ஓரளவு. பிராணிக்குத்தான் ஆபத்து.

முயலுக்குத் தூக்கினாலே பயம். வேட்டையாடப்படும் விலங்கு அது; கால் தரையைவிட்டுப் போனால் ஏதோ கவ்விக்கொண்டது என்றுதான் அதன் உடம்பு நினைக்கும். பின்னங்காலால் வேகமாக உதைக்கும்போது அதன் முதுகெலும்பே முறிந்துவிடலாம். ஆகவே குழந்தை தரையில் சம்மணம் போட்டு உட்காரட்டும், முயல் வந்தால் தடவட்டும். மல்லாக்கப் படுக்க வைத்தால் அசையாமல் கிடக்கிறதே என்று சிலர் வேடிக்கை காட்டுவார்கள். அது சொக்கிப்போய்க் கிடப்பதல்ல, பயத்தில் உறைந்து கிடப்பது.

பறவையைக் குழந்தை கையில் கொடுக்காதீர்கள். நமக்கு மூச்சுவிட உதவும் உதரவிதானம் என்ற தசை பறவைக்கு இல்லை. நெஞ்செலும்பு அசைந்தால்தான் மூச்சு. ஆசையாக இறுக்கிப் பிடித்தாலே மூச்சு நின்றுவிடும். வெள்ளெலி இரவில் விழித்திருக்கும் ஜீவன், பகலில் எழுப்பினால் கடிக்கும். மீன் தொட்டியின் கண்ணாடியைத் தட்டக் கூடாது, அதிர்வு நீரில் அப்படியே போகும். தீனியை நீங்கள் அளந்து கொடுங்கள், குழந்தை போடட்டும். டப்பாவைக் கொடுத்தால் முழுவதும் கவிழ்ந்துவிடும்.

ஆமை, பல்லியினப் பிராணிகளை ஐந்து வயதுக்கு உட்பட்டவர்கள் தொடாமல் இருப்பதே நல்லது. அவை நோயில்லாமல் இருந்தாலும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கலாம். குழந்தைகள் குட்டி ஆமைகளை வாயில் வைத்து நோய்வாய்ப்பட்டதால், ஓடு 4 அங்குலத்துக்குக் குறைவான ஆமைகளை விற்க அமெரிக்கா 1975லேயே தடை போட்டது. எந்தப் பிராணியைத் தொட்டாலும் சோப்புப் போட்டுக் கை கழுவுவது பழக்கமாகட்டும்.

பொறுப்பு வர வேண்டும் என்று விலங்கைக் குழந்தையிடமே ஒப்படைக்கலாமா?

வேலை கொடுங்கள், பொறுப்பை ஒப்படைக்காதீர்கள். மூன்று வயதுக் குழந்தை தீனியை அளவுக் கோப்பையில் அள்ளி, காலிக் கிண்ணத்தில் கொட்டலாம். நாயின் முன் வைப்பது நீங்கள். ஐந்து வயதில் உங்களோடு சேர்ந்து சீப்பால் வாரலாம். குழந்தை மறந்துவிட்டது என்பதற்காக ஒரு வாயில்லா ஜீவன் பட்டினி கிடக்கக் கூடாது.

என் குழந்தைக்கு நாயைக் கண்டாலே பயம். தொட வைத்துப் பழக்கலாமா?

கையைப் பிடித்து வைத்துத் தொட வைத்தால் பயம் இரட்டிப்பாகும். தடுப்புக்கு இந்தப் பக்கம் இருந்து பார்க்கட்டும், உருட்டிவிட்ட பந்தை நாய் எடுத்து வருவதைப் பார்க்கட்டும். தொடுவதா வேண்டாமா என்பது குழந்தையின் முடிவு. ஒன்று மட்டும் பழக்கிவிடுங்கள்: நாய் ஓடி வந்தால் கத்திக்கொண்டு ஓடாமல், கையை உடம்போடு சேர்த்து, தரையைப் பார்த்து அசையாமல் நிற்பது. ஓடினால் துரத்தும், நின்றால் பெரும்பாலும் மோந்து பார்த்துவிட்டுப் போய்விடும்.

வீட்டுக்கு வரும் மற்ற குழந்தைகள்?

அவர்களுக்கு இந்தப் பயிற்சி எதுவும் இருக்காது. ஐந்து நிமிடத்தில் கற்றுக்கொடுக்கவும் முடியாது. நாயை வேறு அறையில் வைத்துவிடுங்கள், சங்கடப்பட ஒன்றுமில்லை.

எப்போது கவலைப்பட வேண்டும்?

இரண்டு, மூன்று வயதில் இழுப்பதும் குத்துவதும் ஆராய்ச்சி. ஆறு, ஏழு வயதைத் தாண்டிய பிறகும், வலிக்கும் என்று தெரிந்தே, யாரும் பார்க்காத நேரம் பார்த்துத் திரும்பத் திரும்ப வதைத்தால், விலங்கு கத்துவதை ரசித்தால், குழந்தைகள் நல மருத்துவரிடமோ குழந்தை உளவியலாளரிடமோ பேசுங்கள். குழந்தையை யாராவது அடிக்கிறார்களா, அடிதடியை எங்காவது பார்த்து வளர்கிறதா என்றும் விசாரித்துப் பாருங்கள். தான் பட்டதை விலங்கிடம் காட்டும் குழந்தைகள் உண்டு. அதுவரை விலங்கைக் குழந்தைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள்.

இவ்வளவுக்கும் மேலே கடித்துவிட்டால்?

காயத்தை ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுங்கள். உலக சுகாதார நிறுவனம் சொல்லும் கணக்கு இது, கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுங்கள். கைவைத்தியமாக எதையும் பூச வேண்டாம். சின்னக் கீறலாக இருந்தாலும், வீட்டு நாய்தானே என்று விடாமல் அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். ரேபிஸ் தடுப்பூசி தேவையா என்பதை அவர்தான் முடிவு செய்ய வேண்டும். நோயின் அறிகுறி வந்த பிறகு காப்பாற்றுவது ஏறக்குறைய முடியாத காரியம். பூனைக்கடி பார்க்க ஊசிக் குத்து மாதிரிதான் இருக்கும், ஆனால் பல் ஆழமாக இறங்கியிருப்பதால் சீக்கிரம் சீழ் வைக்கும். விலங்கின் தடுப்பூசி அட்டையைக் கையோடு எடுத்துப் போங்கள், குழந்தை கடைசியாக டெட்டனஸ் ஊசி போட்ட தேதியையும் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் கேட்பார்கள்.